தரங்கம்பாடி லுத்தரன் சபை: டேனிஷ் கோயிலா, ஜெர்மன் மிஷனா?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாட்டிக்குத் தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்தில் ஞானஸ்நானம் ஆனது. வீட்டில் பெரியப்பா அதை டேனிஷ் கோயில் என்கிறார், அத்தை ஜெர்மன் மிஷன் என்கிறார், ஆலயத்தில் விசாரித்தால் தலைமையகம் திருச்சியில் என்கிறார்கள். 1706 முதல் அறுபடாமல் வரும் ஒரே சபைதானா இது, பாட்டியின் முன்னோர் பெயர் எங்காவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எந்த நாட்டுக்காரர் கட்டியது என்ற கேள்வி. ஆனால் கடைசி வரியைப் படித்தபோது, அந்த ஊரில் முந்நூறு வருடமாகச் சபை என்று கூடியவர்கள் யார் என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று பட்டது. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

நான் பல வருடம் கல்லூரியில் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுத்தவன். மிஷனரிகள் அனுப்பிய அறிக்கைகளையும் கடிதங்களையும் மாணவர்களோடு உட்கார்ந்து படித்ததுதான் என் பயிற்சி. ஜெர்மன் மூலங்களை மொழிபெயர்ப்பு வழியாகத்தான் படித்திருக்கிறேன், டேனிஷ் சுத்தமாகத் தெரியாது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுருக்கமான பதில் இது. பணமும் அனுமதியும் டென்மார்க் அரசர் கொடுத்தது. ஆட்கள் ஜெர்மனியிலிருந்து, பெரும்பாலும் ஹாலே நகரத்திலிருந்து வந்தார்கள். அச்சு இயந்திரமும் காகிதமும் லண்டனில் இருந்த ஆங்கிலேயச் சங்கம் அனுப்பியது. 19ஆம் நூற்றாண்டில் பொறுப்பு ஜெர்மனியின் லைப்சிக் மிஷனிடம் போனது, முதல் உலகப் போரில் ஸ்வீடன்காரர்களிடம் வந்தது, 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அதைத்தான் டி.இ.எல்.சி. என்கிறோம். ஆகவே அத்தை சொல்வது பெருமளவு சரி. பெரியப்பா சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் கறாராகப் பார்த்தால் தரங்கம்பாடியின் டேனிஷ் கோயில் அதே ராஜ வீதியில் இருக்கும் இன்னொன்று, சீயோன் ஆலயம். கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்கள் தங்கள் சொந்த ஆராதனைக்காக 1701இல் கட்டியது அது. 1845க்குப் பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போய், இன்று தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஆலயமாக இருக்கிறது. டேனிஷ்காரர்கள் தங்களுக்கென்று கட்டியது சி.எஸ்.ஐ. ஆகிவிட்டது, தமிழர்களுக்கென்று எழுப்பப்பட்டது லுத்தரனாகவே நின்றுவிட்டது. சுற்றுலா வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வாடிக்கை, உள்ளூர்க்காரர்களும் சிலசமயம்.

தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுக்கு எப்படி வந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, ஓவே யெட்டே தலைமையில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். வந்தது டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி, நோக்கம் வியாபாரம். எண்பது வருடத்துக்கும் மேல் அங்கே இருந்தும் உள்ளூர்க்காரர்களுக்கென்று எந்தச் சபையும் நடத்தவில்லை. மிஷன் யோசனை கம்பெனியிடமிருந்து வரவில்லை, அரசர் நான்காம் பிரடெரிக்கிடமிருந்து வந்தது. அவருக்குப் போக ஆயத்தமான ஆட்கள் டென்மார்க்கில் கிடைக்கவில்லை. ஹாலேயில் பிராங்கே என்பவரிடம் பயின்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்களைக் கோபன்ஹேகனுக்கு வரவழைத்துக் குருப்பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சாவும் 1706 ஜூலை 9ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். மறுநாள் சீகன்பால்குக்கு 24 வயது நிறைந்தது.

கம்பெனிக்காரர்களுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. காரணம் மத வெறுப்பு இல்லை, வியாபாரக் கணக்குதான். உள்ளூர் வணிகர்களையும் தஞ்சை அரண்மனையையும் பகைத்துக்கொள்ள அவர்கள் தயாராக இல்லை. வீட்டு அடிமைகளுக்கு இவர்கள் போதிப்பதும் உறுத்தியது. கோட்டைத் தளபதி ஹாசியஸ் 1708 இறுதியில் சீகன்பால்கைப் பிடித்து நான்கு மாதம் கோட்டைக்குள் அடைத்து வைத்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், டேனிஷ் அரசு இந்தச் சபையை வளர்த்தது என்று எழுதுகிறவர்கள் கோபன்ஹேகனையும் தரங்கம்பாடிக் கோட்டையையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே மனசோடு இருந்ததில்லை.

இனி சபைக்கு வருகிறேன். முதல் ஞானஸ்நானம் 1707 மே 12. இது உறுதியான தேதி. நடந்த இடம் சீயோன் ஆலயம். பெற்றவர்கள் ஐந்து பேர், ஐந்து பேருமே டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள். அவர்களோடு பேசப்பட்ட மொழி போர்ச்சுகீசியம். அந்தக் காலத்தில் கடற்கரை ஊர்களில் ஐரோப்பியர் வீட்டு வேலையாட்களுக்கும் கலப்புக் குடும்பங்களுக்கும் அதுதான் பொது மொழி. அதே வருடம் ஆகஸ்ட் 14இல் கடலோரமாகச் சின்னதாக ஒரு ஆலயம் கட்டி எருசலேம் என்று பெயர் வைத்தார்கள். தமிழர்களின் ஞானஸ்நானம் அதற்குப் பிறகுதான். ஆக, தொடக்கத்தில் அங்கே இருந்தது ஒரு சபை இல்லை, இரண்டு. தமிழ்ச் சபை, போர்ச்சுகீசியச் சபை. இரண்டுக்கும் தனித்தனி ஆராதனை, தனித்தனி உபதேசியார்கள் (குருப்பட்டம் இல்லாமல் போதித்த உள்ளூர் ஊழியர்கள்), தனித்தனிப் பள்ளிகள். போர்ச்சுகீசியச் சபை 19ஆம் நூற்றாண்டில் மெல்லத் தேய்ந்து மறைந்தது. அதன் ஆட்கள் தமிழ்ச் சபையிலும் மற்ற ஊர்களிலும் கரைந்துபோனார்கள். உங்கள் வீட்டுப் பழைய பெயர்களில் போர்ச்சுகீசிய வாடை அடித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதை மட்டும் வைத்து ஐரோப்பிய வம்சம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஞானஸ்நானத்தின்போது அப்படிப்பட்ட பெயர்கள் தமிழர்களுக்கும் வைக்கப்பட்டன.

தமிழ்ச் சபையில் சேர்ந்தவர்கள் யார்? பதிவுகளைப் பார்த்தால் மூன்று வகை தெரியும். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பண்ணை வேலை செய்த பறையர் குடும்பங்கள் ஒன்று. எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் எழுத்தறிவால் சபைக்குள் செல்வாக்கு பெற்ற வெள்ளாளர் முதலிய சாதியினர் இரண்டு. ஏற்கனவே கத்தோலிக்கர்களாக இருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் மூன்று. இந்த மூன்றாவது வகையைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. லுத்தரன் மிஷன் வருவதற்கு முன்பே தரங்கம்பாடியில் கத்தோலிக்கச் சபை இருந்தது. இரண்டுக்கும் ஓயாத தகராறு. பஞ்ச காலங்களில் சேர்ந்தவர்களும் உண்டு. சோற்றுக்காக வந்தவர்கள் என்ற ஏச்சு அன்றே எழுந்துவிட்டது. அதை முழுப் பொய் என்று மறுப்பதும் தவறு, அதுவே முழுக் கதை என்று சொல்வதும் தவறு. ஞானஸ்நானம் வாங்கியவுடன் சொந்தபந்தம் ஒதுக்கிவைத்தது, வேலை போனது, பங்கு போனது. அப்படி வந்தவர்களுக்கு மிஷன் சாப்பாடு போட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது.

சேராதவர்களையும் பார்க்க வேண்டும். ஊரின் பெரிய சமூகம் மீனவர்கள்தான். ஆலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர்கள் குப்பம். அவர்கள் இன்றும் பெரும்பாலும் இந்துக்களாகவே இருக்கிறார்கள். முத்துக்குளித்துறையில் பரதவர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே கூட்டமாகக் கத்தோலிக்கரானதோடு ஒப்பிட்டால் இது விசித்திரமாகத் தெரியும். என் அனுமானம் இது: பரதவர்கள் சேர்ந்தபோது அதற்குப் பதிலாகப் போர்ச்சுகீசியக் கப்பற்படையின் பாதுகாப்பு கிடைத்தது. தரங்கம்பாடி மிஷனிடம் கொடுக்க அப்படி எதுவும் இல்லை. பள்ளிக்கூடமும் புத்தகமும்தான் இருந்தன. இதை அனுமானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் "முதல்" பட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆலயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் ஆலயம் என்பது சரியல்ல. சென்னைக் கோட்டை செயின்ட் மேரி ஆலயம் 1680. பக்கத்துச் சீயோனே இதைவிட மூத்தது. இந்தியர்களுக்கான முதல் புராட்டஸ்டன்ட் மிஷன் சபை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். தமிழின் முதல் அச்சுப் புத்தகம் இங்கே வந்தது என்பதும் தவறு. 1578லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. தமிழில் முழுப் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சானது தரங்கம்பாடியில், 1715இல், என்பது மட்டும் யாரும் அசைக்க முடியாத உண்மை. அச்சு இயந்திரம் வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் ரியோ டி ஜெனிரோவில் பிடித்துக்கொண்டது, அதை மீட்டுக் கொண்டுவந்தது, தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தது எல்லாம் சுவாரசியமான தனிக்கதை. உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இப்போது நிற்கும் ஆலயத்துக்கு அடிக்கல் 1717 பிப்ரவரி 9இல் நாட்டப்பட்டது. பிரதிஷ்டை 1718 அக்டோபர் 11. முகப்பில் நான்காம் பிரடெரிக்கின் முத்திரையெழுத்தும் கிரீடமும் இருக்கின்றன. டேனிஷ் கோயில் என்ற பேச்சுக்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். நான்கே மாதம் கழித்து, 1719 பிப்ரவரி 23இல், சீகன்பால்கு 36 வயதில் இறந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். முதல் எருசலேம் ஆலயம் என்ன ஆனது? 1715இல் வந்த சுனாமி அதை அடித்துக்கொண்டு போனது என்று பலரும் எழுதுகிறார்கள். 2004க்குப் பிறகு இந்தக் கதைக்கு வேகம் கூடிவிட்டது. நான் இதைச் சந்தேகத்துக்குரியது என்ற பட்டியலில்தான் வைப்பேன். அந்தக் கரையில் கடல் பல நூற்றாண்டுகளாக நிலத்தைத் தின்றுகொண்டே வருகிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதை யாரும் போய்ப் பார்க்கலாம். கரையோரத்துச் சின்ன ஆலயம் ஒன்று நிலைக்காமல் போக அரிப்பே போதும். இடமும் போதாமல் இருந்தது. ஒரே நாளில் வந்த பேரலை தேவையில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மிஷனரிகள் கதையாகவே வந்துவிட்டது. ஆவணங்களை எழுதியவர்கள் அவர்கள், அதனால் அப்படித்தான் வரும். ஆனால் சபையைத் தாங்கியவர்கள் வேறு. தஞ்சை மராட்டிய அரசர்கள் ஐரோப்பிய மிஷனரிகளைத் தங்கள் எல்லைக்குள் தாராளமாக நடமாட விடவில்லை. டேனிஷ் எல்லை என்பது தரங்கம்பாடியும் பொறையாறும் சுற்றியுள்ள சில கிராமங்களும்தான். அதைத் தாண்டி வெள்ளைக்காரர் போக முடியாது, உபதேசியார்கள் போகலாம். மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சபைகள் முளைத்தது இவர்கள் கால்நடையால். அறிக்கைகளில் இவர்கள் பெயர் அநேகமாக ஒரு வரியில் வந்துபோகும். அந்த ஒரு வரிகளைத் தொடர்ந்து படித்தால்தான் சபை கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். ஆரோன் கடலூர் வணிகக் குடும்பத்தில் ஆறுமுகமாகப் பிறந்தவர், சீகன்பால்கிடமே ஞானஸ்நானம் பெற்றவர். பள்ளி ஆசிரியராகவும் உபதேசியாராகவும் இருந்து, 1733 டிசம்பர் 28இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டன்ட் குருவானவர் இவர். இந்த "முதல்" நிற்கக்கூடியது. 1745இல் இறக்கும்வரை உள்நாட்டுக் கிராமச் சபைகளைச் சுற்றிவந்தார். இன்னொருவர் ராஜநாயக்கன். பறையர் குலத்தில் கத்தோலிக்கராகப் பிறந்து, தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரர் என்ற சிறு அதிகாரியாக இருந்தவர். மிஷன் அச்சடித்த நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் கையில் கிடைத்துப் படித்து, தானாகவே தேடிக்கொண்டு வந்தார். தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார், படை வேலையை விட்டு உபதேசியாரானார். தஞ்சைப் பக்கத்தில் பல பத்தாண்டுகள் உழைத்தார். அவருக்கும் குருப்பட்டம் கொடுக்கலாம் என்ற யோசனை எழுந்தது. அவர் கையால் திருவிருந்து வாங்க வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒப்ப மாட்டார்கள் என்ற தடை வந்தது. மிஷனரிகள் பின்வாங்கிவிட்டார்கள். 1741இல் டியோகோ என்ற இன்னொரு உபதேசியாருக்குப் பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

இந்தச் சம்பவத்தைத் தவிர்த்துவிட்டு இந்தச் சபையின் வரலாறு எழுத முடியாது என்பது என் கருத்து. விழா மலர்களில் ஆரோன் படம் இருக்கும், ராஜநாயக்கன் பெயர் அபூர்வமாகத்தான் வரும். ஆலயத்துக்குள்ளும் அதேதான். ஒரே கூரை, ஒரே பிரசங்கம், ஆனால் உட்காரும் இடம் தனித்தனி. ஒரு பக்கம் பாயில், இன்னொரு பக்கம் வெறும் தரையில். மிஷனரிகள் இதைத் தங்கள் நாட்டுக்கு எழுதும்போது ஊர் வழக்கம், சமூக மரியாதை, சமயத்தோடு சம்பந்தமில்லை என்று விளக்கம் சொன்னார்கள். சிலர் மனசறிந்தே அப்படி எழுதினார்கள் என்று நினைக்கிறேன். சிலுவை வடிவக் கட்டடமே சாதிவாரியாக உட்காரத்தான் திட்டமிடப்பட்டது என்று ஒரு பேச்சு உண்டு. பிரித்து உட்காரவைக்க அந்த வடிவம் வசதியாக இருந்திருக்கலாம். அதற்காகவே கட்டினார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். சிலுவை வடிவ ஆலயங்கள் ஐரோப்பாவிலும் எங்கும் உண்டு.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிதான் இந்தச் சபைக்குச் செழிப்பான காலம். சென்னை, கடலூர், திருச்சி, தஞ்சாவூர்ச் சபைகள் எல்லாம் இங்கிருந்து போனவர்களால் தொடங்கியவை. தமிழ் வேதாகமத்துக்கும் ஞானப்பாட்டுகளுக்கும் பேர்போன பப்ரிஷியஸ் 1740இல் இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனார். சுவார்ட்ஸ் 1750இல் வந்து பன்னிரண்டு வருடம் இங்கே இருந்துவிட்டுத்தான் திருச்சி, தஞ்சை என்று நகர்ந்தார். நூற்றாண்டின் இறுதியில் வந்தவர்களுக்குச் செடிகொடிகளில் ஆர்வம் அதிகமாகிவிட்டது. மிஷன் மருத்துவர் கேனிக், புகழ்பெற்ற தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர். மிஷனரி ராட்லர் சேர்த்த தாவர மாதிரிகள் இன்றும் தாவரவியலாளர்களுக்குத் தெரிந்தவை. கிறிஸ்டோபர் ஜான் சிப்பியும் மீனும் சேகரித்தார், கூடவே கிராமப் பள்ளிக்கூடங்களும் நடத்தினார். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் நடந்ததே.

பிறகு சரிவு. ஹாலேயில் பகுத்தறிவுவாதம் ஓங்கி மிஷன் ஆர்வம் வற்றியது. நெப்போலியன் போர்க் காலத்தில் ஆங்கிலேயர்கள் தரங்கம்பாடியை இரண்டு முறை பிடித்துக்கொண்டார்கள், இரண்டாவது முறை 1808 முதல் 1815 வரை. ஐரோப்பாவிலிருந்து பணம் வரவில்லை. தஞ்சைச் சீமையில் இருந்த கிராமச் சபைகளை 1820ஐ ஒட்டி ஆங்கிலேயச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதனால்தான் அந்தப் பகுதியில் பழைய லுத்தரன் குடும்பங்கள் பல ஆங்கிலிக்கனாகி, இன்று சி.எஸ்.ஐ.யில் இருக்கின்றன. பழைய மிஷனின் கடைசி ஆள் கேமரர் 1837இல் இறந்தார். அறுபட்டதா என்று நீங்கள் கேட்டதற்கு, அறுபட வாய்ப்பிருந்த ஒரே காலம் இதுதான். அறுபடவில்லை என்பதே என் முடிவு. டேனிஷ் கோட்டைச் சபைக் குரு க்னுட்சன் கவனித்துக்கொண்டார். உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் அங்கேயே இருந்தார்கள். 1841இல் லைப்சிக் மிஷனின் முன்னோடியான டிரெஸ்டன் மிஷனிலிருந்து கோர்டஸ் என்பவர் வந்தபோது அவரை வரவேற்க ஒரு சபை இருந்தது, சின்னதாக. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது. மிஷன் சொத்துகள் லைப்சிக் கைக்கு வந்தன. டேனிஷ் தொடர்பு அத்தோடு முடிந்தது.

லைப்சிக் காலத்தில் சபை திடீரென்று பெருத்ததற்கு ஒரு காரணம் உண்டு, அது பெருமைப்படக்கூடியதல்ல. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முழுவதுமாக ஒழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். அப்படிப் பிரிந்தவர்களில் பலர், சாதி விஷயத்தில் நிதானம் காட்டிய லைப்சிக் மிஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர், தமிழ்ப் பண்பாட்டின் மீது உண்மையான மரியாதை கொண்டவர். சாதி சமூக வழக்கம், அதைச் சட்டம் போட்டு உடைக்கக்கூடாது, காலப்போக்கில் கரையும் என்பது அவர் நிலை. அந்த மரியாதையும் இந்த விட்டுக்கொடுப்பும் ஒரே மனதிலிருந்து வந்தவை என்று படும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ஓக்ஸ் என்ற லைப்சிக் மிஷனரிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். சாதிப் பிரச்சினையில் முரண்பட்டுப் பிரிந்துபோய் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலை தொடங்கினார், 1860களில் டேனிஷ் மிஷன் சங்கத்தோடு இணைந்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. தமிழ்நாட்டில் டேனிஷ் மிஷன் சபை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் கடலூர்ப் பக்கம் கைகாட்டுவேன், தரங்கம்பாடியை அல்ல. பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

ஊர் மெலிந்ததும் சபையைப் பாதித்தது. ஆங்கிலேயர் வாங்கியதும் கொஞ்ச காலம் தரங்கம்பாடி மாவட்டத் தலைநகராகவே இருந்தது. 1860இல் அந்த இடம் தஞ்சாவூருக்குப் போனது. ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் கப்பல் வியாபாரம் அந்தப் பக்கம் திரும்பியது. தரங்கம்பாடிக்கு ரயில் 1926இல்தான் வந்தது, 1986இல் நின்றும் போனது. மிஷன் அச்சகம், பள்ளிகள், ஆசிரியர் பயிற்சி இவை மட்டும்தான் படித்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அங்கே வேலை. படித்த பிள்ளைகள் ஆசிரியராகவோ எழுத்தராகவோ சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். உங்கள் குடும்பமும் அநேகமாக அப்படித்தான் கிளம்பியிருக்கும்.

முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் மிஷனரிகளை ஆங்கில அரசு காவலில் வைத்து, பிறகு கோல்கொண்டா என்ற கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டது. நடுநிலை நாடான ஸ்வீடனின் மிஷன் பொறுப்பேற்றது. எஜமானர்கள் ஒரே வீச்சில் காணாமல் போனபோது சபை தமிழ் ஆயர்களையும் மூப்பர்களையும் வைத்து நடந்தது, நடக்க முடியும் என்பதும் தெரிந்தது. 1919 ஜனவரி 14இல் டி.இ.எல்.சி. அமைந்தது. 1921இல் ஸ்வீடன்காரர் ஹோய்மன் முதல் பேராயரானார். முதல் இந்தியப் பேராயர் ஆர். பி. மாணிக்கம், 1956இல். பொறையாறு டி.பி.எம்.எல். கல்லூரியின் பெயரில் இருப்பவர் அவர்தான். பேராயரின் பட்டம் இன்றும் தரங்கம்பாடிப் பேராயர், அலுவலகம் மட்டும் திருச்சியில், தரங்கைவாசம் என்ற வளாகத்தில். ஆலயத்தில் உங்களுக்குக் கிடைத்த பதிலின் பின்னணி இதுதான்.

அப்புறம் பாட்டியின் பதிவு. முதலில் புது எருசலேம் ஆலய ஆயரிடம் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். பாட்டியின் பெயர், அவர் அப்பா அம்மா பெயர், தோராயமான வருடம் மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. பண்டிகை நாட்களில் போகாதீர்கள், யாருக்கும் உட்கார்ந்து புரட்ட நேரம் இருக்காது. அந்தப் பதிவில் ஞானப் பெற்றோர் பெயர்கள் இருந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் உறவினர்கள், அடுத்த கிளைக்குப் போக அதுதான் வழி. தரங்கம்பாடியில் இல்லாவிட்டால் பொறையாறு பெத்லகேம் ஆலயத்தில் பாருங்கள், இரண்டு ஊர்க் குடும்பங்களும் கலந்தவை. திருமணப் பதிவுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி சபைகள் பதிவின் நகலை அரசுப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். ஏடு கறையான் தின்று போயிருந்தாலும் நகல் பிழைத்திருக்க வாய்ப்புண்டு.

18ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போக வேண்டுமென்றால் ஹாலே பிராங்கே அறநிலையத்தின் ஆவணக் காப்பகம். மிஷன் அறிக்கைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள், எல்லாம் பழைய ஜெர்மன் எழுத்தில். அதில் தேடும்போது குடும்பப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஞானஸ்நானத்தோடு பெயர் மாறிவிடும். ஆறுமுகம் ஆரோன் ஆனது போல. கிராமத்தின் பெயரையும் உபதேசியாரின் பெயரையும் வைத்துத் தேடுங்கள். பதிவுகளில் சாதியும் எழுதப்பட்டிருக்கும். அது வீட்டில் சொல்லிவந்ததோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். அப்படி இருந்தால், பேச்சை விடப் பதிவையே நம்புங்கள். பாட்டியின் பிறந்த வருடமும் அவர் அப்பாவின் ஊரும் தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், எந்தச் சபை ஏட்டில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.